வாகனம் ஏறிய மூஷிகம்

நம் ஊர்ப் பிள்ளையார் மூஷிகத்தை வாகனமாக வைத்துக்கொண்டிருக்கிறார். மேல்நாட்டில் காரியம் தலைகீழ். அங்கே மூஷிகம் வாகனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் சாமானிய வாகனம் அல்ல. படுக்கை, அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய வீட்டு வண்டி. கேம்பர் வேன் என்று சொல்லுகிறார்கள். கோடைக்காலம் முழுவதும் அந்த வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றுவார்கள். குளிர் வந்ததும் வீட்டுக்குப் பின்புறத்திலோ, யாராவது ஒரு குடியானவரின் வயலோரத்திலோ அதை நிறுத்திப் பூட்டிவிட்டு, வசந்தம் பிறக்கும் வரையில் மறந்துவிடுவார்கள். மனிதர் மறந்த இடத்தை மறக்காத பிராணி ஒன்று உண்டு. அது பூட்டைத் தொடுவதே இல்லை. கதவுப் பக்கமே போவதில்லை. ஆனாலும் உள்ளே போய்விடுகிறது.

எலியைப் பற்றி எழுத வேண்டிய பஞ்சம் என்ன வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ராஜாக்களின் சரித்திரத்தை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ராஜாவின் களஞ்சியத்தையும் குடியானவனின் பத்தாயத்தையும் பேதம் பாராமல் காலி செய்த ஜீவனின் சரித்திரத்துக்குத்தான் ஆள் குறைவு. அந்தச் சரித்திரத்தைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒன்று தெரிந்தது. மனிதன் எலியை என்ன செய்தான் என்பது அதில் பாதிதான். எலியின் பேரைச் சொல்லி மனிதன் மனிதனை என்ன செய்தான் என்பது மற்றப் பாதி.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. உல்லாசத்துக்காகவே வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்களில் ஆதி புருஷர் என்று சொல்லப்படுகிறவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பிழைத்தவர். என் சாதிக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த குதிரை வண்டியில் அவர் ஸ்காட்லாந்து வரையில் போய் வந்தார். வண்டியின் பெயர் ‘வாண்டரர்’, அதாவது நாடோடி. நாயும் ஒரு கொண்டைக்கிளியும் கூடவே போயின. எதிரே வருகிறவர்களை எச்சரிப்பதற்காக ஒரு வேலைக்காரர் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் மிதித்துக்கொண்டு போனாராம்! அதன்பின் குதிரை போய் எஞ்சின் வந்தது. 1950இல் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனியார் பெட்டி போன்ற ஒரு வேனை விற்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனியார் அதற்குள் படுக்கையும் மேஜையும் அலமாரியும் பொருத்தினார்கள். அன்று தொடங்கிய மோகம் இன்னும் தணியவில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதர் ஒருவர் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார். மார்ச் மாதத்தில் அதைத் திறந்தபோது கண்ட காட்சியை அவர் எனக்கு எழுதியிருந்தார். மெத்தையில் ஒரு மூலை காணோம். சாலைப் படப் புத்தகத்தில் வடக்கு இங்கிலாந்து முழுவதும் காணோம். இரண்டும் சேர்ந்து, அலமாரிக்குப் பின்னால் தேங்காய் அளவு ஒரு மெத்தென்ற கூடாக உருமாறியிருந்தன. விளக்குக்குப் போகும் ஒயரின் மேலுறை இரண்டு அங்குலத்துக்கு உரிந்திருந்தது. “கதவும் ஜன்னலும் போட்டது போட்டபடி இருக்கின்றன, ஐயா! எப்படித்தான் நுழைந்ததோ?” என்று அவர் கேட்டிருந்தார்.

எப்படி நுழைந்தது என்பதற்குப் பதில் சுலபம். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் போதும். எழுதுகிற பென்சிலின் கனம். பெரிய எலிக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். வண்டியின் அடிவயிற்றில் தண்ணீர்க் குழாய்க்கும் காஸ் குழாய்க்கும் மின்சார ஒயருக்கும் துளைகள் போட்டிருக்கிறார்கள். துளை குழாயைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். டயர் வழியாக ஏறினால் அச்சு, அச்சிலிருந்து அடிப்பலகை, அங்கிருந்து துளை. நாம் கதவைப் பூட்டுகிறோம். அது காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

ஏன் நுழைந்தது என்ற கேள்விதான் கடினமானது. அதற்குப் பதில் பதினையாயிரம் வருஷங்களுக்குப் பின்னால் கிடக்கிறது.

கலிலேயக் கடலுக்கு வடக்கே ஹூலா பள்ளத்தாக்கில் ஐன் மல்லாஹா என்று ஒரு பழைய குடியிருப்பு. உழவு தெரியாத வேட்டைக்காரர்கள், ஊர் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு ஓரிடத்தில் கல்வீடு கட்டித் தங்கிப் பார்த்த ஸ்தலம் அது. அங்கே மண்ணில் கிடைத்த சுண்டெலிப் பற்களை ஆராய்ந்தவர்கள் 2017இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஜனங்கள் நீண்ட காலம் தங்கியிருந்த காலங்களில், இன்று நம் வீடுகளில் ஓடுகிறதே அந்த வீட்டுச் சுண்டெலியின் பற்கள் மிகுந்திருந்தன. அவர்கள் மறுபடியும் அலையத் தொடங்கிய காலங்களில் அது பின்வாங்கி, வயலில் வாழும் அதன் பங்காளி தலையெடுத்திருந்தது. விவசாயம் தோன்றுவதற்கு முன்பே நடந்த சங்கதி இது. எலியை அழைத்தது நம் தானியம் மட்டும் அல்ல; நாம் நின்றதுதான் முதல் அழைப்பு என்று தெரிகிறது. அலைகிறவன் வீட்டில் சுண்டெலிக்கு நிலையான குடித்தனம் இல்லை. நின்றவன் வீட்டில்தான் உண்டு.

ஆகவே என் சிநேகிதரின் வண்டி கோடை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தபோது அது வேட்டைக்காரனின் கூடாரம். அக்டோபரில் நின்றதும் அது ஐன் மல்லாஹா ஆகிவிட்டது!

நின்றுவிட்ட மனிதன் பிறகு நெல்லையும் கோதுமையையும் விளைவித்தான், சேர்த்து வைத்தான். அப்போது தொடங்கியது உண்மையான வழக்கு. அந்த வழக்கில் மனிதன் கண்ட உபாயங்களில் மிகவும் அழகானது எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்லுவேன்: தூணின் தலையில் வைத்த ஒரு தட்டு.

ஜப்பானில் ஷிஜுவோகா நகரத்தில் தோரோ என்று ஓர் இடம். 1943இல், யுத்த காலத்தில், ஆயுதத் தொழிற்சாலை கட்டுவதற்காக மண்ணைத் தோண்டியபோது பழைய மரச்சாமான்கள் வெளிப்பட்டன. யுத்தம் முடிந்து, தோற்றுப்போன தேசத்தில், 1947 முதல் அறிஞர்கள் அங்கே முறையாகத் தோண்டினார்கள். ஏறக்குறைய ஈராயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு கிராமமும் அதன் நெல் வயல்களும் கிடைத்தன. கத்தி செய்யப் போன இடத்தில் களஞ்சியம் கிடைத்தது என்பதில் ஏதோ ஒரு நீதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தக் களஞ்சியத்தை இன்று மறுபடியும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நம் பத்தாயத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. உயரமான மரத் தூண்கள். அவற்றின் மேலே நெல் அறை. தூண் அறையைத் தொடும் இடத்தில், தூணைவிட நன்றாக அகன்ற ஒரு மரப்பலகை. எலி தூணில் ஏறும்; சந்தேகம் இல்லை. பலகையின் அடியைத் தொட்டதும் அதற்கு வழி முடிந்துபோகிறது. வழுவழுப்பான அடிப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விளிம்பு வரை நடந்துபோக அதற்குச் சக்தி இல்லை. வந்த வழியே இறங்கிப் போக வேண்டியதுதான். அந்தப் பலகைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘நெஜுமி கயேஷி’. எலியைத் திருப்புவது என்று அர்த்தம்.

இப்போது பூமியின் மறு கோடிக்குப் போவோம். ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற மழைச் சீமை இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு கல்லால் ஆன தானிய அறைகள் தூண்களின் மேல் நிற்கின்றன. ‘ஓர்ரேயோ’ என்பது அதற்குப் பெயர். கார்னோட்டா என்ற ஊரில் 1768இல் கட்டி, பின்னால் நீட்டிய ஓர்ரேயோ ஏறக்குறைய 35 மீட்டர் நீளம். அதைப் பாதிரியாரின் மாளிகையை ஒட்டிக் கட்டினார்கள் என்பதைக் கேட்டால், யார் வீட்டில் தானியம் மிகுதி என்பது தானே விளங்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கல் தட்டு உண்டு. கலீசியர்கள் அந்தத் தட்டை ‘தோர்னர்ராத்தோஸ்’ என்கிறார்கள். எலியைத் திருப்புவது என்று அர்த்தம்!

ஜப்பானியக் குடியானவன் கலீசியக் குடியானவனைக் கண்டதில்லை. அவன் பாஷை இவனுக்குத் தெரியாது. ஒருவன் நெல் தின்கிறவன். மற்றவன் சோளம் தின்கிறவன். இருவரும் ஒரே தட்டைச் செய்து, ஒரே பெயரை வைத்தார்கள். நான் பல மகாநாடுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். மனித குலம் ஒன்று என்பதை இந்த இரண்டு பெயர்களைவிடத் தெளிவாக எந்த மகாநாடும் சொன்னதில்லை.

இதே தட்டு இங்கிலாந்தில் காளான் வடிவம் எடுத்தது. ‘ஸ்டாடில்’ கற்கள் என்பார்கள்; கீழே கல் கம்பம், மேலே கல் குடை. இப்போது களஞ்சியங்கள் போய், கற்கள் மட்டும் பணக்காரர் தோட்டங்களில் அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன. ஸ்விட்ஸர்லாந்தில் வாலே மலைப் பகுதியில், கறுத்துப்போன பழைய மரக் களஞ்சியங்களைத் தோசைக்கல்லைப் போன்ற வட்டக் கற்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஸ்பெயினில் கலீசியாவுக்குப் பக்கத்துச் சீமையான அஸ்தூரியாஸில் இன்னும் ஒரு வேடிக்கை. அங்கே ஓர்ரேயோ மரத்தால் ஆனது. ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்தது. ஆகையால் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றி வேறு ஊரில் நிறுத்தலாம். பழைய வழக்கப்படி அது அசையாச் சொத்து அல்ல, அசையும் சொத்து! நாலு காலில் நின்று, வேண்டும்போது இடம் பெயரும் வீடு. நம் கேம்பர் வேனுக்கு அதுதான் உண்மையான பாட்டனார் என்பேன். பாட்டனாருக்கு இருந்த தட்டு மட்டும் பேரனின் கால்களில் இல்லாமல் போயிற்று.

கப்பலும் நின்றால்தான் ஆபத்து. நடுக்கடலில் எந்த எலியும் ஏறுவதில்லை. துறைமுகத்தில் கட்டிய கயிறுதான் அதற்குப் பாலம். ஆகையால் அந்தக் கயிற்றிலும் ஒரு தகரத் தட்டை மாட்டினார்கள். இன்றைக்கும் பெரிய துறைமுகங்களில் நங்கூரமிட்ட கப்பல்களின் கயிறுகளில் குடை பிடித்தாற்போல் வட்டத் தகடுகள் தொங்குவதைக் காணலாம். தோரோவின் பலகை கடலுக்குப் போன கதை அது. 1926இல் பாரிஸில் பல தேசத்தார் கூடிச் செய்த சுகாதார உடன்படிக்கையின்படி, கப்பல்கள் எலி ஒழித்ததற்கான சர்டிபிகேட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெற வேண்டும் என்று ஏற்பட்டது. 2007இல்தான் அதற்குப் பதிலாக, கப்பலின் பொதுச் சுகாதாரத்துக்கான சர்டிபிகேட் வந்தது.

தேசங்களெல்லாம் ஒரு பிராணிக்காக உடன்படிக்கை செய்துகொள்ளும்படி என்ன வந்துவிட்டது? பிளேக் வந்தது. 1894இல் ஹாங்காங்; 1896இல் பம்பாய். அதன்பின் இருபது, முப்பது வருஷங்களில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இதுவரை எலி தின்றது தானியத்தை. இப்போது கணக்கு மாறிவிட்டது. இந்த இடத்தில்தான் சரித்திரத்தின் மற்றப் பாதி தொடங்குகிறது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லுவார்கள். கொளுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்ன பழமொழி. ஹொனலூலுவில் கொளுத்தினார்கள்.

பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகளின் தலைநகரம் ஹொனலூலு. 1899 டிசம்பரில் அங்கே சீனர் பேட்டையில் பிளேக் தோன்றியது. சுகாதார போர்டார் பேட்டையைச் சுற்றிக் காவல் போட்டு, நோய் கண்ட வீடுகளை ஒவ்வொன்றாக எரிக்கத் தீர்மானித்தார்கள். 1900 ஜனவரி 20ஆம் தேதி, ஒரு பெரிய மாதா கோயிலுக்கு அருகே சில குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தீயணைக்கும் எஞ்சின்களைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று எழுந்தது. தீப்பொறி கோயிலின் உயர்ந்த கோபுரத்தைப் பற்றிக்கொண்டது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. சாயங்காலத்துக்குள் பேட்டை முழுவதும் சாம்பல். சீனர், ஜப்பானியர், ஹவாய்க்காரர் என்று நாலாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். மூட்டை முடிச்சோடு ஓடி வந்தவர்களைக் காவல் வளையத்துக்குள்ளேயே வைத்து, அணி வகுத்து நடத்திக்கொண்டுபோய் முகாம்களில் அடைத்தார்கள். பின்னால் நஷ்டஈட்டுக்காக ஒரு கோர்ட்டு ஏற்படுத்தினார்கள். ஜனங்கள் கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது.

அன்று தீ வைத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள். ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. எரியப் போகிற பேட்டையில் அவர்களுக்கு வீடு இல்லை.

இன்னொரு காட்சி, ஹனாய் நகரத்தில். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைத் தங்கள் இந்தோசீன ராஜ்யத்துக்குத் தலைநகராக்கி, விசாலமான வீதிகளும் அவற்றின் அடியில் சாக்கடைகளும் கட்டினார்கள். சாக்கடை எலிகளுக்கு ராஜபாட்டையாக அமைந்தது. நேரே துரைமாரின் வீட்டுக் கழிப்பறைகளிலேயே தலை காட்டத் தொடங்கின! 1902இல் கூலி பேசி ஆட்களை இறக்கினார்கள். ஒரு நாளில் கொன்ற எலிகளின் எண்ணிக்கை 20,000ஐயும் தாண்டியது. அப்படியும் எலி குறையவில்லை. பிறகு பொது ஜனங்களுக்கே ஒரு வெகுமதி அறிவித்தார்கள்: ஒரு வாலுக்கு ஒரு சென்ட். முழு எலியைக் கொண்டுவந்தால் புதைக்கும் வேலை. ஆகையால் வால் போதும் என்றார்கள். வால்கள் குவிந்தன. கொஞ்ச நாளில் ஊரில் வாலில்லாத எலிகள் ஓடக் கண்டார்கள். வாலை அறுத்துக்கொண்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும். குட்டிக்கும் வால் இருக்கும் அல்லவா? நகரத்தின் ஓரங்களில் சிலர் எலிப் பண்ணையே வைத்துவிட்டார்கள். சர்க்கார் வெகுமதியை நிறுத்தியது.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்த ஏழையின் பக்கமாக நின்று யோசித்துப் பார்த்தேன். சாக்கடை கட்டிய வீதியில் அவனுக்கு வீடு இல்லை. எலி ஒழிந்தால் லாபம் துரைக்கு. எலி இருந்தால் ஒரு சென்ட் அவனுக்கு. அவன் கணக்கில் என்ன பிசகு?

எலியைக் கொன்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், எலிக்கும் மனிதனுக்கும் நடுவே நோய் எப்படிப் போகிறது என்பதையே பலர் அறியவில்லை. 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். பிளேக் கண்ட எலியை, உடம்பில் தெள்ளுப்பூச்சிகளோடு, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார். நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூட்டில் அடைத்து உள்ளே வைத்தார். ஒன்றை ஒன்று தொட முடியாது. முதல் எலி செத்தது. சில நாளில் கூட்டில் இருந்ததும் செத்தது. நடுவே தாண்டிப் போனது தெள்ளுப்பூச்சி. சிமோனின் முடிவைப் பல வருஷங்கள் பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை. அதை ஏற்ற பிறகு ஒரு விஷயம் விளங்கிற்று. எலியைக் கண்ட இடத்தில் அடித்தால், செத்த எலியை விட்டுத் தெள்ளுப்பூச்சி புறப்பட்டு மனிதன்மேல் ஏறும். கொல்வதைவிட, எலி நம் கூரையில் குடியிராதபடி செய்வதே மேல்.

அந்த யோசனையை மிகப் பெரிய அளவில் நடத்திப் பார்த்த இடம் ஜாவா. பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பல்கள் வழியாக அங்கே பிளேக் இறங்கியது; 1911இல் மலாங் பிரதேசத்தில் ஜனங்கள் மடியத் தொடங்கினார்கள். டச்சு அதிகாரிகள் வீடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜாவாக்காரரின் வீடு மூங்கிலால் ஆனது. மூங்கில் உள்ளே கூடு. அந்தக் குழலுக்குள் எலி படுத்திருந்தது. ஓலைக் கூரையின் அடுக்குகளில் குட்டி போட்டிருந்தது. வீட்டையே எலிக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது! பிறகு முப்பது வருஷம் போல ஒரே வேலை. மூங்கிலுக்குப் பதில் மரம், ஓலைக்குப் பதில் ஓடு, மிச்ச மூங்கிலின் வாயை அடைப்பது. 1942இல் ஜப்பானியர் வரும் வரையில் 15 லட்சம் வீடுகளுக்கு மேல் இப்படி மாற்றிக் கட்டப்பட்டன.

எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் முழு மனசோடு கைதட்டவும் முடியவில்லை. மாற்றிக் கட்டும்படி உத்தரவு போட்டது சர்க்கார்; அதற்கான செலவைக் கடனாகத் தலையில் சுமந்து தவணை கட்டியது குடிசைக்காரன். மூங்கில் தோப்பில் இனாமாகக் கிடைக்கும். ஓடு இனாமாகக் கிடைக்குமா? எலி போயிற்று, கடன் குடியேறிற்று.

இந்தக் கதைகளெல்லாம் பழைய காலத்தோடு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். உல்லாசப் பிரயாணிகள் தங்கும் இடத்திலேயே, நம் காலத்திலேயே ஒன்று நடந்தது. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில் யோசெமிட்டி என்ற மலைப் பள்ளத்தாக்கு உலகப் பிரசித்தம். அங்கே கறி வில்லேஜ் என்ற முகாமில், குளிர் தாக்காமல் இருக்க இரட்டைச் சுவர் வைத்து, நடுவே குளிரைத் தடுக்கும் பொருளை அடைத்துச் சௌகரியமான கூடார அறைகள் 2009இல் அமைத்தார்கள். மனிதனுக்குக் கதகதப்பு என்றால் சுண்டெலிக்கும் கதகதப்புத்தானே? மான் சுண்டெலி என்று அங்கே ஒரு ஜாதி. பெரிய கண், வெள்ளை வயிறு, பார்க்க அழகாகவே இருக்கும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே அது கூடு கட்டியது. அதன் மூத்திரத்திலும் புழுக்கையிலும் ஹாண்டா வைரஸ் என்ற கிருமி உண்டு. காய்ந்த தூசியோடு கலந்து மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். 2012ஆம் வருஷக் கோடையில் அந்தப் பூங்காவுக்கு வந்தவர்களில் 10 பேருக்கு அந்த நோய் கண்டது. பெரும்பாலோர் இந்த இரட்டைச் சுவர் அறைகளில் படுத்தவர்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். 91 அறைகளையும் மூடிவிட்டார்கள்.

ஜாவாவின் மூங்கிலுக்கும் யோசெமிட்டியின் இரட்டைச் சுவருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று ஏழையின் கூடு. மற்றொன்று செல்வரின் கூடு. எலிக்கு இரண்டும் கூடுதான். கேம்பர் வேனின் சுவரும் அப்படியே இரட்டையாக, நடுவே பஞ்சடைத்தாற்போல்தான் இருக்கிறது. ஆகவே வண்டியைத் திறந்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவது கூடவே கூடாது என்று அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திராவகத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையின் மேல் ஊற்றி நனைத்து, ஐந்து நிமிஷம் பொறுத்து, காகிதத்தால் துடைத்து எடுக்க வேண்டும். தூசி எழும்பாமல் இருப்பதுதான் முக்கியம்.

விஷம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1933இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில், கெட்டுப்போன ஒரு வகை வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. ஒரு குடியானவர் பனிப்புயலில், உறையாத அந்த ரத்தத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் அது எலி விஷமாக விற்பனைக்கு வந்தது; பிறகு இருதய நோயாளிகளுக்கு மருந்தும் ஆயிற்று. 1958இலேயே ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் அந்த விஷத்துக்கு அசையாத எலிகளைக் கண்டார்கள். அப்புறம் அதைவிடக் கடுமையான விஷங்கள். அவற்றைத் தின்ற எலியைத் தின்று ஆந்தையின் உடம்பிலும் விஷம் ஏறுகிறது. எலியைப் பிடிக்கச் சம்பளமே கேட்காமல் இரவெல்லாம் உழைத்த ஒரே வேலைக்காரனுக்கு நாம் தந்த கூலி அது. வண்டிக்குள் வைத்த விஷத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தின்ற சுண்டெலி சுவருக்குள்ளே போய்ச் சாகும். அதன்பின் வரும் நாற்றத்தை எந்தச் சாவி போட்டுத் திறந்து வெளியே எடுப்பது?

காதுக்குக் கேளாத சப்தம் எழுப்பி எலியை ஓட்டும் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை விற்கிற அறுபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு, சொல்லுவதை நிரூபிக்க ஆதாரம் இருக்கிறதா என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2001இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பாச்சை உருண்டையும் புதினாத் தைலமும் வைக்கிறவர்கள் உண்டு. வாசனை சில நாளில் போய்விடும், எலி போகாது. மூடிய வண்டிக்குள் பாச்சை உருண்டையின் நெடி மனிதனுக்குத்தான் கெடுதல்.

கடைசியில் பழைய தட்டுக்கே வந்து சேருகிறோம். சிநேகிதருக்கு நான் எழுதிய யோசனையில் புதிது ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்து முன் தின்கிற பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள். ரொட்டித் துணுக்கும் சோப்பும்கூட வேண்டாம். மெத்தைகளை எடுத்து வீட்டில் போடுங்கள். புல்லிலும் வேலி ஓரத்திலும் நிறுத்தாமல், சுற்றிலும் வெறுந்தரையாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கையில் ஒரு பென்சிலோடு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். பென்சில் நுழைகிற இடமெல்லாம் வாசற்படி. அங்கே இரும்பு நாரைத் திணித்து, மேலே பசை பூசி அடையுங்கள். காற்றுத் துளைகளைப் பசை போட்டு மூடிவிடாதீர்கள். காஸ் அடுப்புள்ள வண்டிக்குக் காற்று உயிர். சின்னக் கண்ணுள்ள கம்பி வலை போதும். மின்சாரத்துக்காக வெளியிலிருந்து இழுத்த ஒயர் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது கப்பல் கயிறு. இரண்டு எலிப்பொறி வையுங்கள். மாதம் ஒரு தடவை போய்த் திறந்து பாருங்கள். மறக்கப்பட்ட இடம் என்று அதற்குத் தோன்றாமல் இருப்பதே பாதி காவல்.

தோரோவில் பலகை வைத்தவனும், கலீசியாவில் கல் வைத்தவனும் எலியை வெறுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் வைத்த பெயரில் வெறுப்பு இல்லை. கொல்லி என்று பெயரிடவில்லை. திருப்பி என்றுதான் பெயரிட்டார்கள். எலிக்கும் வயிறு உண்டு, எனக்கும் பிள்ளைகள் உண்டு, இதற்கு மேலே வராதே என்று சொல்லி நிறுத்திக்கொண்ட பெயர் அது. தட்டின் அகலம் எவ்வளவு, தூணின் உயரம் எவ்வளவு என்று அவர்கள் அளந்து பார்த்தார்கள். மேலே இருந்தது அவர்களுடைய தானியம், அதனால் அளந்தார்கள். ஹொனலூலுவில் யாரும் காற்றை அளக்கவில்லை. எரிந்தது வேறொருவர் வீடு.

தன் வீட்டுக்குக் காவல் வைக்கிறவன் கல்லை எடுக்கிறான். பிறர் வீட்டுக்குக் காவல் வைக்கப் போகிறவன் கையில் எப்படியோ தீவட்டி வந்துவிடுகிறது. எந்தக் காலத்திலும், எந்த ஊரிலும், ஜனங்களின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு யாராவது நம் வீதிக்கு வந்தால், அவர்கள் கையில் இருப்பது இரண்டில் எது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.